பழைய வின்செஸ்டர் .22 பம்ப் ரைஃபிளை அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

அமெரிக்காவில் வீட்டுப் பொருள் ஏலங்களிலும் துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் அடிக்கடி கண்ணில் படும் பழைய ரிம்ஃபயர் ரைஃபிள்களில், குழலுக்கு அடியிலுள்ள மர இழுபிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளி இயக்கும், வின்செஸ்டர் நிறுவனத்தின் .22 (குழலின் உட்துளை சுமார் 0.22 அங்குலம்) பம்ப் வகைகள் முக்கியமானவை. இவை லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. எனவே ஒரு ரைஃபிள் நூறு வயதைக் கடந்தது என்பதால் மட்டும் அது விலைமதிப்புள்ளதாகிவிடாது. அது எந்த வகை, எந்தத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது, தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நிலையிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளே விலையைத் தீர்மானிக்கின்றன. மூன்றாவது கேள்விதான் மிகக் கடினமானது. புதியவர்கள் பணத்தை இழப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கி தொல்பொருள் வகையில் சேரும். அதற்குப் பிந்தையது, எவ்வளவு பழையதானாலும், சட்டத்தின் பார்வையில் சாதாரணத் துப்பாக்கியே. மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும் என்பதால், வாங்குவதற்கு முன் உங்கள் மாநில விதிகளைப் படித்துவிடுங்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு நிலைமை முற்றிலும் வேறு: தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடைத்தாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதற்குப் பொருந்தும். எனவே விலையை விசாரிப்பதற்கு முன் உரிமம் வழங்கும் அதிகாரியிடம் அதைப் பற்றித் தெரிவிப்பதே சரியான வழி.

முதல் படி: தோட்டா இல்லை என்பதை உறுதி செய்தல்

ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து, பித்தளை உறையின் அடிவிளிம்பு மடிப்புக்குள் இருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது தோட்டா வெடிக்கிறது. இவ்வகை ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள நீண்ட குழாயில் வரிசையாக நிற்கும். முதலில் அந்தக் குழாயின் உட்குழலை முன்பக்கமாக உருவி எடுத்து, ரைஃபிளைச் சாய்த்து, மிச்சத் தோட்டாக்களை விழச் செய்யுங்கள். பிறகு இழுபிடியைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அறையையும் தோட்டாவைத் தூக்கித் தரும் பாகத்தையும் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவி உறுதி செய்யுங்கள். குழாய் காலியாக இருந்தும் தூக்கும் பாகத்தில் ஒரு தோட்டா ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. சுத்தியல் வெளியே தெரியும் வின்செஸ்டர் பம்ப்புகளில், விசையை அழுத்திப் பிடித்தபடியே இழுபிடியை முன்னுக்குத் தள்ளினால் அந்த நொடியே வெடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். விசைக்கு அருகில் விரலைக் கொண்டுபோகாமல் எல்லாச் சோதனைகளையும் செய்யப் பழகுங்கள். இயக்கம் இறுகியிருந்தால் வலுக்கட்டாயமாக இழுக்காமல் ஒரு துப்பாக்கிப் பழுதுநரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: குடும்பத்தைக் கண்டறிதல்

யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் இருந்த பிரௌனிங் சகோதரர்கள் வடிவமைத்து, 1888 ஜூன் 26 அன்று காப்புரிமை பெற்ற அமைப்பே இந்தக் குடும்பத்தின் வேர். அதற்கு முன் வின்செஸ்டர் விற்றுவந்த .22 ரிப்பீட்டர், அதாவது ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா இடாமல் அடுத்தடுத்துச் சுடக்கூடிய ரைஃபிள், 1873 மாடலின் சிறிய தோட்டா வடிவம்தான்; அது கனமானது, விற்பனையும் மந்தம். புதிய பம்ப் ரைஃபிள் 1890 மாடல் என்ற பெயரில் வெளிவந்து, கண்காட்சித் திடல்களின் குறிபார்த்துச் சுடும் கடைகளில் நிலைத்த இடம் பிடித்தது. 1932 வரை தொடர்ந்த அதன் உற்பத்தி சுமார் 8,49,000.

குடும்பத்தின் உறுப்பினர்களைப் பிரித்தறிய முதலில் சுத்தியலைப் பாருங்கள். சுத்தியல் வெளியே தெரியாமல் ரிசீவர், அதாவது இயங்கு பாகங்கள் அடங்கிய நடு உலோகப் பெட்டி, மூடியதாக இருந்தால் அது 1932 முதல் 1963 வரை செய்யப்பட்ட மாடல் 61. சுத்தியல் வெளியே தெரிந்தால் குழலைப் பாருங்கள். எட்டுப் பட்டைகளுடன் 24 அங்குல நீளம் இருந்தால் 1890 மாடல். உருண்டையாக 20 அங்குலம் இருந்தால், குறைந்த விலைக்காக வெளியிடப்பட்ட 1906 மாடல். உருண்டையாக 23 அங்குலம் இருந்தால், அவ்விரண்டுக்கும் வாரிசாக 1932இல் வந்து, பின்னர் 62ஏ என்ற பெயரில் 1958 வரை தொடர்ந்த மாடல் 62. தோளில் வைக்கும் மரக்கட்டையின் பின்முனையும் உதவும்: 1890 மாடலின் எஃகு அடித்தகடு பிறைபோல் உள்வளைந்திருக்கும், 1906இல் அது ஷாட்கன் பாணியில் ஏறக்குறைய நேராக இருக்கும்.

குழலின் நீளத்தை வெளியிலிருந்து அளக்காதீர்கள். இயக்கத்தை மூடிய நிலையில் வைத்து, ஒரு மெல்லிய மரக்கம்பைக் குழல் வாய்வழியாக உள்ளே விட்டு, அது முட்டும் இடம்வரை உள்ள நீளத்தைக் குறித்து அளவுநாடாவால் பாருங்கள். வாய்ப்புறம் நசுங்கியதால் ஒரு அங்குலம் வெட்டப்பட்ட குழல்கள் சந்தையில் ஏராளம். இந்த ஒரு அளவு அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிரேசிலில் ரோஸி நிறுவனம் செய்த மாடல் 62 நகல்களும் உலவுகின்றன. அவை நல்ல துப்பாக்கிகளே. ஆனால் வின்செஸ்டர் முத்திரை இல்லாதவை, வேறொரு விலைக்குரியவை.

மூன்றாம் படி: 1890 மாடலுக்குள் வகை பிரித்தல்

இந்த ஒரு மாடலை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்பது பயன்படும். இதைப் பழகிக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும். முதல் வகை, ரிசீவர் இரண்டாகப் பிரியாத திடச் சட்டகம். 1890 முதல் 1892 வரை ஏறக்குறைய 15,500 மட்டுமே செய்யப்பட்டதால் இதுவே மிக அரியது. இரண்டாம் வகையில், ரிசீவரின் பக்கவாட்டில் சொரசொரப்பான தலையுடைய ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் ரைஃபிள் இரண்டு பாதிகளாகக் கழன்று பெட்டிக்குள் அடங்கும். முதல் வகையிலும், இரண்டாம் வகையில் ஏறக்குறைய 1901 வரை செய்யப்பட்டவற்றிலும் ரிசீவருக்கு, துருவைத் தடுக்க எஃகுக்கு ஏற்றும் நீலப்பூச்சு இல்லை; எலும்புக்கரியோடு சேர்த்துச் சூடேற்றி நீரில் குளிர்வித்துப் பெற்ற பலவண்ண மேற்பரப்பு உண்டு. அதை இங்கே வண்ணப் பதனம் என்று குறிப்பிடுகிறேன். அதன் பிறகு ரிசீவரும் குழலைப்போல் நீலமாயிற்று. ஏறக்குறைய 1908இல் தொடங்கும் மூன்றாம் வகையில், இயங்கு கட்டை, அதாவது தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் எஃகுப் பாகம், பூட்டிக்கொள்ளும் வெட்டுகள் ரிசீவரின் மேல்விளிம்பில் வெளிப்படையாகத் தெரியும். முந்தைய வகைகளில் பூட்டு உள்ளே மறைந்திருக்கும். தொடர் எண்ணைப் பார்க்கும் முன்பே இந்த வெட்டுகள் வகையைச் சொல்லிவிடும்.

தொடர் எண் கட்டையின் கழுத்துக்கு அடியிலுள்ள உலோக வாலில் பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றக்கூடிய வகைகளில் பலவற்றில் இரண்டு பாதிகளிலும் எண் இருக்கும். அவை ஒன்றாக இருக்க வேண்டும். கழன்று சேரும் துப்பாக்கி என்பதால், பல பத்தாண்டுகளில் ஒரே வீட்டிலோ சுடும் கடையிலோ இருந்த இரண்டு ரைஃபிள்களின் பாதிகள் மாறிக்கொள்வது நடந்திருக்கிறது. எண்கள் மாறியிருந்தால் அது சேகரிப்பாளருக்கான துப்பாக்கி என்ற தகுதியைப் பெரும்பாலும் இழந்துவிடும்.

குழலின் மேல் நீள்வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பின்னிய சோதனை முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். வின்செஸ்டர் அந்த முத்திரையை 1905இல்தான் இடத் தொடங்கியது. ஆகவே 1890களைச் சேர்ந்த தொடர் எண்ணுடைய ரைஃபிளின் குழலில் அம்முத்திரை இருந்தால், குழல் பின்னால் மாற்றப்பட்டது என்று கொள்ளலாம்.

நான்காம் படி: தோட்டா அறையைப் படித்தல்

1890 மாடல் .22 ஷார்ட், .22 லாங், அந்த ரைஃபிளுக்காகவே அறிமுகமான .22 டபிள்யூ.ஆர்.எஃப். (வின்செஸ்டர் ரிம் ஃபயர்), 1919இல் சேர்க்கப்பட்ட .22 லாங் ரைஃபிள் ஆகிய தோட்டாக்களுக்காகச் செய்யப்பட்டது. இங்கே புதியவர்கள் தவறாமல் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு ரைஃபிளும் ஒரே ஒரு தோட்டாவுக்கு மட்டுமே என்பதுதான். குழலின் மேல், ரிசீவருக்கு அருகில் அது பொறிக்கப்பட்டிருக்கும். 1906 மாடலோ, ஷார்ட் தோட்டாவோடு தொடங்கி, 1908 முதல் ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் மூன்றையும் மாற்றி மாற்றி ஏற்கும்படி திருத்தப்பட்டது. டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவின் உறை மற்றவற்றைவிடப் பருத்தது. அதற்கான அறையில் லாங் ரைஃபிள் தோட்டா தளர்வாக உள்ளே போய்விடும், சுட்டால் உறை வெடித்துக் கிழியும், வாயு முகத்தை நோக்கித் திரும்பும்.

ஷார்ட் என்று பொறிக்கப்பட்ட குழலில் லாங் ரைஃபிள் தோட்டாவின் நீளத்துக்கு அறை நீண்டிருந்தால், யாரோ அதைக் குடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள். பல ஷார்ட் ரைஃபிள்கள், அந்தத் தோட்டா கடைகளில் அரிதான பிறகு இப்படி மாற்றப்பட்டன. சுடுவதற்கு வசதி, சேகரிப்புக்குக் கேடு. இதை அறிய உயிருள்ள தோட்டாவைப் பயன்படுத்தாதீர்கள். மருந்தில்லாத போலித் தோட்டா அல்லது பழுதுநரின் அளவுகோல் போதும்.

ஒரு சிறு டார்ச் விளக்கை எடுத்து, திறந்த இயக்கத்தின் வழியே அறையின் விளிம்பைப் பாருங்கள். தோட்டா இல்லாமல் விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் ஊசி அறையின் விளிம்பிலேயே மோதும். நாளடைவில் அங்கே நகக்குறிபோல் ஒரு பள்ளம் விழுந்து, அதன் பிதுங்கல் அறைக்குள் நீண்டு, தோட்டா உள்ளே போகவும் உறை வெளியே வரவும் தடை செய்யும். சிறு பிதுங்கலைப் பழுதுநர் நீக்கிவிடுவார். ஆழ்ந்த பள்ளம் வேறு கதை. மூன்று தோட்டாக்களையும் ஏற்கும் 1906 மாடலில் இன்னொன்றும் உண்டு: பல்லாண்டுகள் ஷார்ட் மட்டுமே சுடப்பட்டிருந்தால் அந்தக் குட்டை உறை முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் அறைச் சுவர் அரித்து ஒரு வளையம் உருவாகியிருக்கும். அதில் நீண்ட உறைகள் சிக்கிக்கொள்ளும்.

குழலின் உட்புறம் இந்தக் காலத்து .22களில் பெரும்பாலும் சோர்வாகவே இருக்கும். கரிமருந்துத் தோட்டாக்களும், பின்னர் வந்த உப்புப் படிவு விட்டுச்செல்லும் பற்றவைப்பு மருந்துகளும், சுட்ட அன்றே துடைக்காத குழலை அரித்துவிட்டன. அரிக்காத மருந்துள்ள தோட்டாக்கள் 1920களின் பிற்பகுதியில்தான் பரவின. ஆகவே 1900க்கு முந்தைய .22இல் கண்ணாடிபோல் ஒளிரும் குழலைக் கண்டால் மகிழ்வதற்கு முன் குழல் வாயை உருப்பெருக்கியில் பாருங்கள். எட்டுப் பட்டைக்குள் மெல்லிய வட்டக்கோடு ஒன்று தெரிந்தால், பழைய துளையைப் பெரிதாக்கி உள்ளே புதிய எஃகுக் குழாய் செருகப்பட்டிருக்கிறது.

ஐந்தாம் படி: மேற்பரப்பு அசலா, மறுபூச்சா?

இங்கே நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். ரைஃபிளைச் சன்னல் அருகே பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எட்டுப் பட்டைக் குழலின் ஒரு தட்டைப் பரப்பின்மேல் ஒளி ஓடுவதைக் கவனியுங்கள். அசல் பரப்பில் ஒளி நேர்க்கோடாக ஓடும். மெருகுச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து மீண்டும் நீலமேற்றிய பரப்பில் அது அலை அலையாக நெளியும். பட்டைகளின் விளிம்புகள் விரலில் கூர்மையாகப் படவேண்டும். பொறித்த எழுத்துகளின் ஓரங்கள் தெளிவாக இருக்க வேண்டும். எழுத்தின் ஒருபக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். திருகுத் துளைகளின் வாய் சாய்ந்து குழிந்திருப்பது, அரிப்புக் குழிகளுக்குள்ளும் நீலம் படிந்திருப்பது ஆகிய இரண்டும் மறுபூச்சின் அடையாளங்கள். அரிப்பு முதலில் வந்து நீலம் பிறகு வந்தால்தான் குழிக்குள் நீலம் இருக்க முடியும்.

வின்செஸ்டரின் அசல் நீலம் ரிசீவரில் செதில்செதிலாக உதிர்ந்து சாம்பல் அல்லது பழுப்பு நிறமாவது வழக்கமான முதுமை. ரிசீவர் நன்றாக உதிர்ந்து, குழல் இன்னும் நீலமாக இருக்கும் ரைஃபிள் பார்வைக்கு ஒவ்வாததாகத் தோன்றலாம். அனுபவமுள்ளவர் அதைத்தான் விரும்புவார். வண்ணப் பதனமுள்ள பழைய ரிசீவரில் நிறங்கள் கைபடும் இடங்களில் மறைந்து வெள்ளிச் சாம்பலாகி, சுத்தியலின் பக்கங்கள், மூலைகள் போன்ற ஒதுங்கிய இடங்களில் மட்டும் மேகம்போல் மிஞ்சியிருக்கும். எல்லா இடத்திலும் சீராகப் பளிச்சிடும் வண்ணமோ, வாயுச் சுடரால் வரைந்ததுபோல் பட்டை பட்டையாக ஓடும் வண்ணமோ புதிய வேலை.

மரத்தில் பார்க்க வேண்டியது, அது உலோகத்தைச் சந்திக்கும் கோடு. தொழிற்சாலையில் மரம் உலோகத்தைவிட மயிரிழை உயர்ந்தே விடப்பட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கட்டையில் மரம் உலோகத்துக்குக் கீழே இறங்கியிருக்கும், அடித்தகட்டின் ஓரம் மரத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வளையங்கள் வெட்டிய இழுபிடியில் திருகைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வார் மாட்ட அடித்த துளை, தொலைநோக்கி பொருத்தத் துளைத்த ரிசீவர் ஆகியவை மீட்க முடியாத குறைகள். மாறாக, அக்காலத்து லைமன் அல்லது மார்பிள்ஸ் நிறுவனத்தின் பின்குறிநோக்கி, தொழிற்சாலைத் துளைகளிலேயே அமர்ந்திருந்தால் விலையைக் கூட்டும்.

சிறப்புக் கட்டைகள் குறித்து மிக எச்சரிக்கையாக இருங்கள். பிஸ்டல் பிடியும் கட்டவெட்டு வேலைப்பாடும் கொண்ட உயர்ரக வால்நட் கட்டை 1890 மாடலுக்குத் தனியாகச் சொல்லி வாங்கக்கூடியதாக இருந்தது. அது அரிது, அதனால்தான் போலிகளும் உண்டு. ஆதாரம் இல்லாமல் அதற்குக் கூடுதல் விலை தர வேண்டாம்.

ஆறாம் படி: ஆவணம்

அந்த ஆதாரம் கிடைக்கும் இடம், வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் பஃபலோ பில் சென்டர் ஆஃப் த வெஸ்ட் வளாகத்தில் உள்ள கோடி துப்பாக்கி அருங்காட்சியகம். வின்செஸ்டரின் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. கட்டணம் செலுத்தித் தொடர் எண்ணைக் கொடுத்தால், அந்த ரைஃபிள் எந்தத் தோட்டாவுக்கு, எந்தக் குழலோடு, என்ன சிறப்பு அம்சங்களோடு, எந்நாளில் அனுப்பப்பட்டது என்று பதிவேட்டில் உள்ளதைக் கடிதமாகத் தருவார்கள். எல்லா எண்களுக்கும் பதிவு இல்லை: 1890 மாடலில் ஏறக்குறைய 3,30,000 வரையும், 1906 மாடலில் முதல் 80,000 அளவுக்கும்தான் உண்டு. ஆகவே மூன்றாம் வகை 1890 ரைஃபிள்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் கடிதம் கிடைக்காது. அவற்றைப் பொருளை வைத்தே மதிப்பிட வேண்டும்.

உற்பத்தி ஆண்டைக் காட்டும் தொடர் எண் அட்டவணைகள் பல உலவுகின்றன. அவை தொழிற்சாலைப் பதிவேடுகளோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. சாதாரணமாக ஓராண்டு முன்பின் ஆவதால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் ரைஃபிள் 1898ஐ ஒட்டியதாக இருந்தால் அந்த ஓராண்டு சட்டநிலையையே மாற்றிவிடும் என்பதால், அங்கே அட்டவணையை நம்பாமல் கடிதத்தை வாங்கிவிடுங்கள்.

ஏழாம் படி: விலை

அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த தரநிலைகளே பொதுமொழி. தொல்பொருள் துப்பாக்கிகளுக்கான அளவுகோலில், எல்லாப் பாகங்களும் அசலாக இருந்து, அசல் மேற்பரப்பு 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மிகச் சிறப்பு. 30 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் சிறப்பு. பூச்சு 30 விழுக்காட்டுக்குள் தேய்ந்தோ முற்றிலும் போயோ இருந்தாலும், உலோகம் வழவழப்பாகவும் விளிம்புகள் கூர்மையாகவும் இருந்தால் மிக நன்று. விழுக்காட்டைக் கண்மதிப்பாகச் சொல்லிவிடாமல் குழல், ரிசீவர், தோட்டாக் குழாய், அடித்தகடு என்று பாகம் பாகமாக எழுதிப் பாருங்கள். விற்பவர் சொன்ன 70 உங்கள் தாளில் 40 ஆகிவிடுவது அபூர்வமல்ல.

பின்னர் அதே மாடல், அதே வகை, அதே தோட்டா, ஏறக்குறைய அதே நிலையில் உள்ள ரைஃபிள்கள் உண்மையில் விற்ற விலைகளைத் தேடுங்கள். ஏல நிறுவனங்களின் முடிந்த ஏலப் பட்டியல்களில் அவை கிடைக்கும். கேட்கும் விலை என்பது விற்பவரின் ஆசை மட்டுமே. ஏலத்தில் சுத்தியல் விலையோடு, அதாவது ஏலம் முடிந்ததாகச் சுத்தியல் தட்டப்படும் விலையோடு, வாங்குபவர் தரும் கூடுதல் கட்டணமும் சேரும்: 1,000 டாலருக்குச் சுத்தியல் விழுந்து, கட்டணம் 20 விழுக்காடாக இருந்தால் வாங்கியவர் கொடுத்தது 1,200 டாலர், விற்றவர் கைக்குப் போனது, அவருடைய தரகும் கழிந்து, 1,000க்கும் குறைவு. ஒப்பிடும்போது எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

விலை, நிலையோடு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. தேய்ந்த ரைஃபிளுக்கும் சுமாரானதற்கும் இடையே வேறுபாடு சிறிது. 60 விழுக்காட்டுப் பூச்சுக்கும் 95 விழுக்காட்டுக்கும் இடையே பல மடங்கு ஆகலாம். மறுபூச்சு ஏறியது, தோட்டா அறை குடைந்தது, எண்கள் பொருந்தாதது ஆகியவை சுடுவதற்கான துப்பாக்கியின் விலைக்கே இறங்கிவிடும். என் கருத்தில், புதியவர் முதலில் வாங்கத் தகுந்தது, மாற்றம் எதுவும் செய்யப்படாத, தேய்மானம் நேர்மையாகத் தெரியும் ஒரு மாடல் 62 அல்லது 1906. உயர்நிலையில் இருப்பதாகச் சொல்லப்படும் வண்ணப் பதன 1890ஐ, பல அசல்களைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு வாங்கலாம்.

வாங்கியதும் செய்யக்கூடாதது, அதைப் பளபளப்பாக்குவது. உலோகத்தை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, கட்டையைத் தொடாமல் விடுங்கள். திருகுகளின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லாமல் எதையும் கழற்றாதீர்கள். சிதைந்த திருகுத்தலை ஒன்று, அடுத்து வாங்குபவரின் கண்ணில் முதலில் படும் குறை. தொடர் எண், முத்திரைகள், குழல் வாய், தோட்டா அறை ஆகியவற்றைப் படமெடுத்து, பாகவாரி மதிப்பீட்டுத் தாளையும் விற்பனைச் சீட்டையும் கடிதம் இருந்தால் அதையும் ஒரே உறையில் சேர்த்து, ரைஃபிள் இருக்கும் இரும்புப் பெட்டிக்கு வெளியே வேறோர் இடத்தில் வையுங்கள். காப்பீட்டுக்காக மதிப்பீடு கேட்கும்போது, மீண்டும் வாங்க ஆகும் விலை வேண்டுமா, விற்றால் கிடைக்கும் விலை வேண்டுமா என்பதை மதிப்பீட்டாளரிடம் முன்கூட்டியே சொல்லி, அதைச் சான்றிதழிலும் எழுதச் சொல்லுங்கள்.